பவாய் ஏரியின் மீன்வளமும் தூண்டில் மீன்பிடிப்பும்

வயலில் நிற்கும் பயிரை எண்ணலாம். மந்தையிலுள்ள ஆடுகளையும் எண்ணலாம். ஆனால் ஓர் ஏரியில் எத்தனை மீன்கள் வாழ்கின்றன என்று கேட்டால், அக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவரும் விடை கூற இயலாது. நீரின் மேற்பரப்பு எதையும் வெளிக்காட்டுவதில்லை. ஆயினும் அவ்விடை தெரியாமல் ஏரியில் மீன்குஞ்சு விடுவதும், மீன் பிடிப்பதும், பிடிப்பதற்கு வரம்பு விதிப்பதும் கணக்குப் பார்க்காமல் வாணிகம் நடத்துவதை ஒக்கும். மும்பை மாநகருக்குள்ளேயே அமைந்துள்ள பவாய் ஏரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு சிறு ஏரியின் மீன்வளம் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு குன்றுகிறது, அதனை எவ்வாறு மதிப்பிடலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏரியின் வரலாறும் அமைப்பும்

செம்பூர்ப் பகுதியிலுள்ள திலக் நகரிலிருந்து நேர் வடக்கே சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் பவாய் ஏரி அமைந்துள்ளது. இது இயற்கையாகத் தோன்றிய ஏரியன்று. அக்காலப் பம்பாய் நகரின் குடிநீர்த் தேவைக்காக முதலில் விஹார் ஏரி 1860-ஆம் ஆண்டிலும், பின்னர் துளசி ஏரி 1879-ஆம் ஆண்டிலும் அமைக்கப்பட்டன. இவையும் போதாமற்போகவே, 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குன்றுகளுக்கு இடையே அணைகட்டிப் பவாய் ஏரி உருவாக்கப்பட்டது. 1892-ஆம் ஆண்டில் தொலைவிலுள்ள தான்சா நீர்த்தேக்கத்தின் நீர் நகருக்கு வந்து சேர்ந்தது. பவாய் நீர் குடிப்பதற்கு ஏற்றதன்று எனவும் காணப்பட்டது. எனவே குடிநீருக்கென அமைந்த இவ்வேரி நாளடைவில் அப்பணியிலிருந்து விலக்கப்பட்டது. இன்று இதன் நீர் தொழிற்சாலைகள் முதலியவற்றின் தேவைகளுக்கு மட்டுமே பயன்படுகிறது.

ஏரிக்கு நீர் தரும் நிலப்பரப்பு சுமார் 6.6 சதுர கிலோமீட்டர் ஆகும். ஏரி நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 2.2 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 220 ஹெக்டேர் இருக்கும். கொள்ளளவு சுமார் 545 கோடி லிட்டர். பருவமழையில் ஏரி நிரம்பி வழியும்போது அந்நீர் மித்தி ஆற்றைச் சேர்கிறது. விஹார் ஏரியின் மிகுநீரும் அவ்வாற்றிலேயே கலக்கிறது. மித்தி ஆறு குர்லாவைக் கடந்து, தாராவியை ஒட்டி ஓடி, மாஹிம் கழிமுகத்தில் கடலில் விழுகிறது. ஆகவே செம்பூரிலும் குர்லாவிலும் தாராவியிலும் வாழ்வோர் பவாய் ஏரியை ஒருமுறையேனும் கண்டிராவிடினும், அதன் நீர் அவர்கள் வாழும் பகுதிகளை அடுத்துத்தான் கடலுக்குச் செல்கிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, இம்மித்தி ஆறே கரைபுரண்டு நகரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது.

ஏரியின் கிழக்குக் கரையை அடுத்து 1958-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. பின்னர் சுற்றுப்புறக் குன்றுகளில் கல் உடைக்கப்பட்டது. அடுக்கு மாடி வீடுகள் எழுந்தன. குன்றுகளிலிருந்து அடித்து வரப்பட்ட மண் ஏரியின் அடியில் படிந்தது. வீடுகளின் கழிவுநீர் வடிகால்கள் வழியே ஏரிக்குள் புகுந்தது. இவ்விரு மாறுதல்களையும் நினைவிற் கொண்டால்தான் மீன்களின் நிலையைப் புரிந்துகொள்ள இயலும்.

ஏரியில் வாழும் மீன்கள்

பவாய் ஏரியின் மீன்களை மூன்று பிரிவுகளாக வகுத்துக்கொள்வது வசதியாகும்.

முதற்பிரிவு, மனிதன் கொணர்ந்துவிட்ட பெருங்கெண்டை மீன்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் கங்கை முதலிய வட இந்திய ஆறுகளுக்கு உரியவை. இவை ஒரே நீர்நிலையில் வாழ்ந்தாலும் உணவுக்காகத் தமக்குள் அதிகம் போட்டியிடுவதில்லை. கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்தது. அது நீரின் மேலடுக்கில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு நடு நீரில் மேயும். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது. அது அடியில் படியும் மக்கிய பொருள்களை உண்ணும். நல்ல உணவு கிடைக்கும் குளத்தில் கட்லா ஓராண்டிலேயே ஏறத்தாழ ஒரு கிலோ எடையை எட்டக்கூடும்.

இரண்டாம் பிரிவு, நம் நாட்டு நீர்நிலைகளில் இயல்பாக வாழும் மீன்கள். விரால், கெளுத்தி வகைகள், சிறு கெண்டைகள் ஆகியவை இதில் அடங்கும். மராட்டியர் விராலை மரள் என்று அழைக்கின்றனர். இது பிற மீன்களையும் தவளைகளையும் பிடித்துத் தின்னும். களைகளின் இடையே மறைந்து வாழும். ஏரியிலேயே முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காவல் காக்கும்.

மூன்றாம் பிரிவு, அயல்நாட்டிலிருந்து வந்தவை. இவற்றுள் முதன்மையானது ஜிலேபி மீன். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்டு, இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் வளர்த்துப் பார்க்கப்பட்டது. விரைவில் பெருகி ஏழைகளுக்கு மலிவான உணவாகும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். அது பெருகியது உண்மை. எதிர்பார்த்ததற்கும் மேலாகவே பெருகியது. பெண் மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சுகளின் சேதம் குறைவு. பிறந்த சில மாதங்களிலேயே இனவிருத்திக்குத் தகுதி பெற்று, ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கிறது. கூட்டம் மிகுந்துவிடுமாயின் உணவு பங்கிடப்பட்டு, மீன்கள் கையளவுக்கு மேல் வளராமல் குறுகிப் போகின்றன. ஏரியில் மீன் எண்ணிக்கை மிகுதி. ஆனால் பிடிக்கத் தக்க மீன் குறைவு என்னும் முரண்பட்ட நிலை இவ்வாறு தோன்றுகிறது.

குஞ்சு விடுவதன் அவசியம்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய நீரில் இனவிருத்தி செய்வதில்லை. பருவமழையில் ஆறு பெருகி, கரைகளைத் தாண்டிப் பரவும் புதுநீரில்தான் அவை முட்டையிடும். பவாய் போன்ற சிறு நீர்த்தேக்கத்தில் அவ்வாய்ப்பு இல்லை. ஆதலால் இவ்வேரியில் ஒருவர் ஒரு கட்லாவைப் பிடித்தால், அது எப்போதோ ஒரு நாள் யாரோ கொணர்ந்துவிட்ட குஞ்சு என்றே கொள்ளவேண்டும். பிடித்த மீனுக்கு ஈடாகக் குஞ்சு விடாவிடின் அவ்வினம் சில ஆண்டுகளில் அற்றுப்போகும்.

முன்னாளில் குஞ்சுகளை ஆறுகளிலிருந்து வலை கொண்டு திரட்டி, நெடுந்தொலைவு எடுத்துச் செல்லவேண்டியிருந்தது. திரட்டிய குஞ்சுகளில் வேண்டாத இனங்களும் கலந்திருந்தன. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிகுன்ஹியும் பெருங்கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, அவற்றைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். இந்நிகழ்ச்சியின் நினைவாகவே ஜூலை 10-ஆம் நாள் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இம்முறை பரவிய பின்னர், தூய இனக் குஞ்சுகளை வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு பெறுவது எளிதாயிற்று.

எனினும் குஞ்சு விட்டதனாலேயே மீன் வளம் பெருகிவிட்டது என்று எண்ணலாகாது. விரல் நுனியளவுக் குஞ்சுகளை இலட்சக்கணக்கில் ஏரியில் கொட்டினாலும், அவற்றுள் மிகப்பல விராலுக்கும் பிற கொன்றுண்ணிகளுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் இரையாகிவிடும். நீர்த்தேக்கங்களில் விடப்படும் குஞ்சுகள் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளர்ந்திருக்க வேண்டும் என்பது மீன்வள விஞ்ஞானிகளின் அறிவுரை. அவ்வளவு வளர்ந்தவை விரைந்து நீந்தித் தப்பவும், கொன்றுண்ணிகளின் வாய்க்கு அடங்காமல் இருக்கவும் கூடும். எண்ணிக்கையைக் காட்டிலும் அளவே இங்கு முக்கியமாகும்.

பிராணவாயுவும் மீன்களின் இறப்பும்

மீன்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள்களால் ஏற்கின்றன. குளிர்ந்த நீர் மிகுதியான பிராணவாயுவைத் தாங்கும். வெப்பமான நீர் குறைவாகவே தாங்கும். உறைநிலைக்கு அருகிலுள்ள நன்னீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் வரையிலும், 30 டிகிரி வெப்பமுள்ள நீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் வரையிலுமே ஏற்கும். ஆகவே மும்பையின் கோடை ஏரி, கொள்ளத்தக்க பிராணவாயுவில் பாதியுடனேயே தன் வாழ்வைத் தொடங்குகிறது.

கழிவுநீர் ஏரியில் கலக்கும்போது இரு விளைவுகள் உண்டாகின்றன. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பிராணவாயுவைச் செலவிடுவது முதல் விளைவு. கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் உரமாக அமைந்து, பாசியையும் ஆகாயத் தாமரையையும் செழிக்கச் செய்வது இரண்டாம் விளைவு. நீருக்குள் வாழும் பாசி பகலில் ஒளிச்சேர்க்கையால் பிராணவாயுவை வெளியிடுகிறது; இரவிலோ மீன்களைப் போலவே அதுவும் பிராணவாயுவை உட்கொள்கிறது. எனவே பாசி மிகுந்த ஏரியில் பிற்பகலில் பிராணவாயு மிகுந்தும், விடியற்காலையில் மிகக் குறைந்தும் காணப்படும். ஆகாயத் தாமரையின் நிலை இன்னும் கேடானது. அதன் இலைகள் நீருக்கு மேலே இருப்பதால், அவை வெளியிடும் பிராணவாயு காற்றில் கலக்கிறது. நீருக்குக் கிடைப்பது நிழல் மட்டுமே.

கோடையின் இறுதியில் நீர்மட்டம் தாழ்ந்து, வானம் சில நாட்கள் தொடர்ந்து மூடியிருக்கும்போது ஆபத்து உச்சமடைகிறது. பகலில் பிராணவாயு போதிய அளவு உண்டாவதில்லை. முதல் மழையும் காற்றும் அடிநீரைக் கலக்கி மேலே கொணர்கின்றன. அடியில் அழுகிக் கிடந்த பொருள்கள் எஞ்சிய பிராணவாயுவையும் கவர்ந்துகொள்கின்றன. மறுநாள் காலையில் மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டவர்கள் எவரோ நஞ்சு கலந்துவிட்டதாக ஐயுறுவதுண்டு. நஞ்சு கலக்கும் நிகழ்ச்சிகளும் இல்லாமல் இல்லை. ஆனால் இறந்தவை பெரும்பாலும் பெரிய மீன்களாயும், இறந்த நேரம் விடியற்காலையாயும், கெளுத்தியும் விராலும் உயிருடன் தப்பியும் இருப்பின், பிராணவாயுக் குறைவையே முதலில் ஐயுற வேண்டும். விராலும் சிலவகைக் கெளுத்திகளும் நீரின் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்புகளை உடையவை. இவ்வேறுபாட்டைப் பள்ளி மாணவரும் எளிதில் அறிந்துகொள்ளலாம்.

உலகின் வட கோடியிலுள்ள கனடா, பின்லாந்து போன்ற நாடுகளின் சிறு ஏரிகளிலும் இத்தகைய சாவு நிகழ்வதுண்டு. ஆனால் அது குளிர்காலத்தில் நிகழ்கிறது. ஏரியின் மேற்பரப்பு பல மாதங்கள் பனிக்கட்டியால் மூடப்பட, அதன்மேல் படியும் பனி ஒளியையும் தடுக்கிறது. காற்றிலிருந்தும் பிராணவாயு சேர்வதில்லை. பாசியும் அதனை உண்டாக்குவதில்லை. அங்கே பனிக்கட்டி செய்யும் தீங்கை இங்கே ஆகாயத் தாமரை செய்கிறது. மூடியின் பொருள் வேறு. மூச்சுத் திணறல் ஒன்றே.

மீன்களை எண்ணும் முறை

ஏரியை வற்றச் செய்யாமல் மீன்களை மதிப்பிடுவதற்கு அடையாளமிட்டு மீண்டும் பிடிக்கும் முறை உதவுகிறது. டென்மார்க் நாட்டு மீனியல் அறிஞர் பீட்டர்சனின் பெயரால் இம்முறை வழங்குகிறது. இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் ஏரியில் 200 ரோகு மீன்களைப் பிடித்து, துடுப்பில் சிறு அடையாளமிட்டு மீண்டும் விட்டுவிடுவதாகக் கொள்வோம். அவை மற்ற மீன்களோடு நன்கு கலந்த பின்னர் 150 ரோகு மீன்களைப் பிடிக்கையில், அவற்றுள் 10 மீன்கள் அடையாளமுள்ளவையாக இருக்கின்றன. அதாவது 15 மீன்களுக்கு ஒன்று அடையாளமுள்ளது. ஆகவே 200 அடையாள மீன்கள் இருக்கும் ஏரியில் மொத்தம் 200-ஐ 15-ஆல் பெருக்கக் கிடைக்கும் 3,000 ரோகு மீன்கள் இருக்கக்கூடும். ஒரு பானையில் கடலையும் சாயமிட்ட கடலையும் கலந்து, ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம்.

இக்கணக்கு செல்லுபடியாவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. இடைக்காலத்தில் ஏரிக்குள் மீன் புகவோ வெளியேறவோ கூடாது, அடையாளம் அழியக்கூடாது, அடையாளமிட்ட மீன் நலிந்து இறந்துவிடவும் கூடாது. பவாயில் மழைக்காலத்தில் நீர் வழிந்தோடும்போது மீன்களும் வெளியேறக்கூடும். எனவே மழை ஓய்ந்த பின், நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே இத்தகைய மதிப்பீட்டுக்கு ஏற்றவை.

அடையாளமிட வசதியில்லாத இடங்களில் முயற்சிக்கு ஏற்ற பிடிப்பு என்னும் அளவுகோல் பயன்படும். பத்துப் பேர் ஐந்து மணி நேரம் தூண்டிலிட்டு 20 மீன்கள் பிடித்தால், மொத்த முயற்சி 50 மணி. ஒரு மணிக்குப் பிடிப்பு 0.4 மீன் ஆகும். இவ்வெண் மாதந்தோறும் ஆண்டுதோறும் உயர்கிறதா, தாழ்கிறதா என்பதே கவனிக்கத்தக்கது. இதில் பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. மீன் கிடைத்த நாட்களை மட்டும் எழுதிவைத்து, வெறுங்கையுடன் திரும்பிய நாட்களை விட்டுவிடுகின்றனர். அவ்வாறு செய்தால் வற்றிவரும் ஏரியும் வளமான ஏரியாகவே ஏட்டில் தோன்றும். வெறுங்கை நாளே ஏரியின் உண்மையைக் கூறும் நாளாகும்.

மீனின் உடல்நிலையையும் அளந்தறியலாம். ஒரே வடிவமுள்ள மீனின் நீளம் இருமடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். எனவே கிராமில் கண்ட எடையை, சென்டிமீட்டரில் கண்ட நீளத்தின் கன எண்ணால் வகுத்து, நூறால் பெருக்கினால் உடல்நிலை எண் கிடைக்கும். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மீன் 405 கிராம் எடையிருந்தால் அவ்வெண் 1.5; அதே நீளமுள்ள அதே இன மீன் 270 கிராம் மட்டுமே இருந்தால் 1.0. பின்னது போதிய உணவின்றி மெலிந்தது எனக் கொள்ளலாம். ஒவ்வோர் இனத்துக்கும் இயல்பான எண் வேறாதலால், ஓரினத்தை மற்றோர் இனத்தோடு ஒப்பிடலாகாது.

எவ்வளவு பிடிக்கலாம்?

இந்தியாவின் சிறு நீர்த்தேக்கங்களில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரியாக ஏறத்தாழ 50 கிலோ மீன் கிடைக்கிறது என்று 1995-ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. நன்கு பேணப்படும் இடங்களில் இது பன்மடங்காகும். பேணப்படாதவற்றில் மிகவும் குறையும். இச்சராசரியைப் பவாயின் 220 ஹெக்டேருக்குப் பொருத்திப் பார்த்தால் ஆண்டுக்கு 11,000 கிலோ என்று வருகிறது. இது அளந்து கண்ட எண்ணன்று. சிந்திப்பதற்கு உதவும் ஒரு கணக்கே. கோடையில் நீர்ப்பரப்பு சுருங்குவதையும் இது கருதவில்லை.

ஆயினும் இக்கணக்கு ஒரு பாடத்தைப் புகட்டுகிறது. மீன் ஒன்றின் சராசரி எடை ஒரு கிலோ என்று கொண்டால், ஆண்டுக்குப் பிடிக்கத்தக்கவை 11,000 மீன்கள். நூறு பேர் வாரந்தோறும் ஆளுக்கு இரண்டு மீன்கள் வீதம் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், ஓராண்டில் 10,400 மீன்கள் தீர்ந்துவிடும். பார்ப்பதற்குப் பெருங்கடல் போல் தோன்றும் ஏரி, நூறு தூண்டில்களின் சாதாரண ஆசைக்கு ஈடுகொடுக்கும் அளவே உடையது. நாளொன்றுக்கு இத்தனை மீன் என்னும் வரம்பும், இன்ன நீளத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும் என்னும் விதியும் பொழுதுபோக்குக்கு இடையூறாக விதிக்கப்பட்டவையல்ல. அப்பொழுதுபோக்கு நீடிப்பதற்காகவே விதிக்கப்படுகின்றன.

பவாயில் தூண்டில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் பணியை, 1955-ஆம் ஆண்டில் தோன்றியதும் இன்று மகாராஷ்டிர மாநிலத் தூண்டில் மீன்பிடிப்போர் சங்கம் என்று வழங்குவதுமான அமைப்பு நெடுங்காலமாக மேற்கொண்டு வந்துள்ளது. பிடிப்பவர்களே குஞ்சு விடும் பொறுப்பையும் ஏற்கும் இத்தகைய ஏற்பாடு பயனுள்ளதாகும். நீரைப் பற்றிய கவலை, அதனால் நேரடியாக இன்பம் பெறுவோரிடமே முதலில் தோன்றும்.

தூண்டிலுக்கு உரிய காலமும் இடமும்

தூண்டிலில் சிக்கும் மீன்கள் ஏரியிலுள்ள மீன்களின் உண்மையான விகிதத்தைக் காட்டுவதில்லை. நுண்ணுயிர்களை வடித்துண்ணும் கட்லா எளிதில் இரை கடிப்பதில்லை. ஜிலேபியோ மண்புழுவையும் மாவுருண்டையையும் உடனே பற்றும். எனவே ஜிலேபி மிகுதியாகச் சிக்கியது கொண்டு பெருங்கெண்டை இல்லையென முடிவு கட்டலாகாது. கட்லாவுக்கு மேல்நீரிலும், ரோகுவுக்கு நடுநீரிலும், மிர்காலுக்கு அடியிலும் தூண்டில் முள் நிற்க வேண்டும். கெண்டைகளுக்கு மணமூட்டிய மாவுருண்டையும், விராலுக்குச் சிறுமீன் போன்ற உயிர் இரையும் ஏற்றவை. விராலைத் தேடுவோர் களைகளின் ஓரத்தையே நாடவேண்டும்.

மழைக்காலத்து வெள்ளத்தில் மீன்கள் இனவிருத்திக்கு முயலும்; அக்காலத்தில் பிடிப்பதைத் தவிர்ப்பதே முறை. மழை ஓய்ந்து நீர் தெளியும் மாதங்கள் தூண்டிலுக்கு ஏற்றவை. கோடையின் இறுதியில் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டு, நல்ல வேட்டை என்று மகிழ்வோர் உண்டு. அது பசியின் அறிகுறியன்று. மூச்சுத் திணறலின் அறிகுறி. அந்நாட்களில் தூண்டிலை மடக்கி வைத்துவிட்டு, உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதே கடமையாகும்.

பவாய் ஏரியில் சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன. இவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. ஆதலால் ஆழமற்ற கரையோரத்தில் நீரில் இறங்குவதும், பிடித்த மீனின் கழிவை அங்கேயே எறிவதும் கூடாது. கழிவுநீர் கலக்கும் நீர்நிலையில் பிடித்த மீனை ஆய்வு இன்றி அடிக்கடி உண்பதும் விரும்பத்தக்கதன்று.

வேண்டாத உதவிகள்

நல்லெண்ணத்துடன் செய்யும் சில செயல்கள் ஏரிக்குத் தீங்காகின்றன. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீன்களை, கொல்ல மனமின்றி ஏரியில் விடுவோர் உளர். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தடைசெய்தது. பெருந்தீனி தின்னும் அம்மீன் நீர்நிலைகளில் தப்பிச் சென்று, நாட்டு மீன்களை அழிக்கிறது என்பதே காரணம். அவ்வாறே, களையை ஒழிக்கப் புல்கெண்டையை விட்டால் போதும் என்று கருதுவோரும் உண்டு. 1959-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த புல்கெண்டை, நீரில் மூழ்கிய மென்மையான களைகளை விரும்பி உண்ணும்; ஆகாயத் தாமரையை அது பெரும்பாலும் நாடுவதில்லை. ஆகாயத் தாமரையைக் கைகளாலோ இயந்திரத்தாலோ அகற்றுவதும், அதற்கு உரமாகும் கழிவுநீரைத் தடுப்பதுமே வழி. கழிவுநீரைத் தடுக்காமல் களையை மட்டும் அகற்றுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றது.

கரையோரத்தை மண்ணிட்டு நிரப்புவதும் தீங்கே. ஆழமற்ற ஓரங்களில்தான் விரால் முதலியன முட்டையிடும். குஞ்சுகள் மறைந்து வளரும். நீர்ப்பறவைகள் இரை தேடும். ஏரிக்கரையில் மிதிவண்டிப் பாதை அமைக்கும் திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்றும், கொட்டிய பொருள்களை அகற்றி இடத்தைப் பழைய நிலைக்குக் கொணர வேண்டும் என்றும் பம்பாய் உயர்நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் தீர்ப்பளித்தது. ஏரியின் ஓரம் வெற்றிடமன்று, ஏரியின் உறுப்பே என்னும் உண்மையை இது நினைவூட்டுகிறது.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

கள ஊழியர்கள் ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், தூண்டில்களின் எண்ணிக்கை, பிடிபட்ட மீன்களின் இனம், நீளம், எடை, நீர்மட்டம், வானிலை ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். வெறுங்கையுடன் திரும்பியோரின் கணக்கும் அதில் இடம்பெற வேண்டும். கோடையில் பிராணவாயுவை அளப்பதாயின் விடியற்காலையிலும் பிற்பகலிலும் இருமுறை அளக்க வேண்டும். நண்பகலில் மட்டும் அளந்தால் நோயுற்ற ஏரியும் நலமுள்ளதாகத் தோன்றும். குஞ்சு விடும்போது எண்ணிக்கையுடன் சராசரி நீளத்தையும் குறித்தல் இன்றியமையாதது.

திலக் நகர், செம்பூர், மாட்டுங்கா, தாராவி ஆகிய பகுதிகளின் ஆசிரியர்கள், மாணவர்களை மழைக்கு முன்பும் பின்பும் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று நீரின் நிறத்தையும், களையின் பரப்பையும், பறவைகளையும் ஒப்பிட்டு எழுதச் செய்யலாம். சந்தையில் விற்கும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் வாயமைப்பைக் காட்டி, எது எந்த அடுக்கில் உண்ணும் என்று மாணவர்களையே ஊகிக்கச் செய்யலாம். ஒரு மீன் செதிலை உருப்பெருக்கியில் காட்டினால், அதிலுள்ள வளையங்களைக் காணலாம். குளிர்நாட்டு மீன்களில் அவ்வளையங்கள் ஆண்டுகளைத் தெளிவாகக் காட்டும். வெப்பநாட்டில் குளிர்கால இடைவெளி இல்லாமையால் அவை அத்துணைத் தெளிவாக இரா என்பதையும் விளக்கலாம். வெர்சோவாவில் 1961-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் மும்பையிலேயே இருப்பது இப்பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு வாய்ப்பாகும்.

முடிவு

பவாய் ஏரியில் தூண்டில் மீன்பிடிப்பின் எதிர்காலம் தூண்டிலைப் பொறுத்ததன்று. குஞ்சுகளைப் பொறுத்தது ஒரு பகுதியே. வளர்ந்த குஞ்சுகளை ஆண்டுதோறும் விட்டு, பிடிப்புக்கு வரம்பிட்டு, முறையாகக் கணக்கு வைத்தால் பெருங்கெண்டைகள் ஏரியில் நிலைத்திருக்கும். ஆனால் வடிகால்களின் கழிவுநீர் தடுக்கப்படாவிடின், பிராணவாயுக் குறைவைத் தாங்கும் ஜிலேபியும் காற்றைச் சுவாசிக்கும் மீன்களுமே இறுதியில் எஞ்சும். அப்போதும் ஏரியில் மீன் இருக்கும். தூண்டிலில் ஏதேனும் சிக்கவும் செய்யும். எந்த இனம் சிக்குகிறது என்பதைக் குறித்து வைப்பவருக்கே ஏரியின் நலிவு முன்கூட்டித் தெரியும். நீர் கறுப்பதற்கு முன்பே மீன்களின் இனவிகிதம் மாறிவிடுகிறது. அதனைப் படித்தறியும் ஒருவர் கரையில் இருத்தல் வேண்டும்.